மூணு சொல்லாத மைக்கு

மயிலாப்பூரில் தனபாலனின் குரலைக் கேட்காதவர் கிடையாது. அவருடைய பெயரைக் கேட்டவரும் கிடையாது. மாட வீதியில் நடந்தால், "இன்னா மைக்கு, நாளைக்கு எங்க கூட்டம்?" என்பார்கள். பூக்காரம்மா, போலீஸ்காரர், சபா காரியதரிசி அனந்தராமன் என்று எல்லாருக்கும் அவர் மைக்குதான். மைக் செட் வாடகைக்கு விடுகிறவருக்கு மைக்கு என்று பெயர் வைக்க ஊரார் ரொம்ப மண்டையை உடைத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். கூட வேலை செய்யும் ஷஃபியுல்லா மட்டும் "நைனா" என்பார்.

வீட்டில் முத்துலட்சுமிக்கு அவர் "இந்தாய்யா". கட்டினவன் பெயரை வாயால் சொன்னால் அவன் ஆயுசு குறைந்துவிடும் என்பது அவள் நம்பிக்கை. ரேஷன் கடையில் வீட்டுக்காரர் பெயர் கேட்டபோதுகூட, "பணத்துக்குக் காவக்காரன் பேரு, நீயே எழுதிக்கோ" என்று விடுகதை போட்டாள். கடைக்காரர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பூட்டா?" என்று கேட்டாராம்.

இப்படி யாருமே சொல்லாமல் சொல்லாமல், தனபாலன் என்பது அவருக்கே யாரோ தூரத்துச் சொந்தக்காரரின் பெயர் மாதிரி ஆகிவிட்டது.

சின்ன வயசில் அவருக்குக் குரலே எழும்பாது. பக்கத்தில் நிற்பவருக்கே பாதிதான் கேட்கும். "வாயுள்ள புள்ள பொழைக்கும்பாங்க, இதுக்கு வாயே வைக்காம அனுப்பிட்டானே சாமி" என்று அவருடைய அம்மா போகிறவர் வருகிறவரிடமெல்லாம் புலம்புவாள். பிறகு தேனாம்பேட்டையில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். ஒரு நாள், ரிப்பேருக்கு வந்த மைக்கைச் சரிபார்க்க, வழக்கமான தன் பூனைக்குரலில் "ஹலோ" என்றார். எதிரே பஸ்ஸுக்கு நின்றவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறந்ததிலிருந்து அவர் பேச்சுக்கு அப்படி யாரும் திரும்பியதில்லை. பிழைப்பு இனி இதில்தான் என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டார்.

மைக்கைக் கட்டிக்கொண்ட பிறகுதான் முத்துலட்சுமியைக் கட்டிக்கொண்டார். அவள் விஷயம் நேர் எதிர். பஜார் ரோட்டு வீட்டு வாசலில் நின்று அவள் கீரைக்காரியைக் கூப்பிட்டால் சித்திரக்குளத்துப் படிக்கட்டில் இருப்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் தனபாலனுக்குப் பெருமையாக இருக்கும். இவ்வளவு பெரிய தொண்டை தனக்குச் சொந்தமாகக் கிடைத்ததே என்று.

தொழிலில் அவருக்கு ஒரே ஒரு மனக்குறை உண்டு. மேடை ஏறுகிற பெரிய மனிதர்கள் மைக்கைத் தட்டுவார்கள், ஊதுவார்கள். "மைக்கை வாயின்னு நெனச்சிக்கினு கீறாங்க பாய்," என்பார் ஷஃபியுல்லாவிடம். "அது காது. மேல கட்டிக் கீதே கொம்பு ஸ்பீக்கரு, அதான் வாயி. காதுல போய் யாராவது ஊதுவாங்களா?" தியாகராய நகர் கல்யாணமோ அடையாறு பள்ளிக்கூட விழாவோ, மைக்குக்குக் காது வலிக்குமே என்று பார்க்கிற ஒரே ஆள் அவர்தான்.

அந்த மைக்கைச் சோதிக்கும்போதுதான் ஊரே அவரைக் கேலி செய்தது. உலகத்தில் இருக்கிற மைக் செட்காரர்கள் எல்லாரும் "ஒன், டூ, த்ரீ" என்பார்கள். தனபாலன் "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ" என்று சொல்லி நிறுத்திவிடுவார்.

அதற்கு முத்துலட்சுமிதான் காரணம். கல்யாணமான புதிதில், அறுபத்தாறிலோ அறுபத்தேழிலோ, ஒரு நாள் அவர் சாப்பிட வந்ததும் கேட்டாள். "கொம்புல உன் சத்தம் கேட்டுச்சு. ஒன், டூ, த்ரீன்னியே. வூட்ல நாம ரெண்டு பேருதானே, அந்த மூணு யாருய்யா?"

தனபாலனுக்கு வெட்கம்தான் வந்தது. மறுநாளிலிருந்து இரண்டோடு நிறுத்திக்கொண்டார். அதுவே பிறகு வீட்டுக்குச் சேதி ஆகிவிட்டது. காற்றில் "ஒன், டூ" கேட்டால் கொம்பு கட்டி முடிந்தது, மனிதர் சோற்றுக்கு வருகிறார் என்று அர்த்தம். முத்துலட்சுமி அரிசியைக் களைந்து உலையில் போடுவாள்.

"என்னய்யா மைக், ஒனக்குப் பள்ளிக்கூடத்துல ரெண்டு வரைக்கும்தான் சொல்லிக்குடுத்தாளா?" என்று அனந்தராமன் ஒவ்வொரு கச்சேரியின் போதும் தவறாமல் கேட்பார்.

"மூணு வந்தா சொல்றேன் சாமி," என்று தனபாலன் சிரித்துவைப்பார்.

எழுபதில் மூணு வருவதாக இருந்தது. முத்துலட்சுமி சொன்ன அன்றைக்கே தனபாலன் ஒரு புத்தக வெளியீட்டு விழாவில் "ஒன், டூ, த்ரீ" என்று முழங்கிவிட்டார். கேட்ட பூக்காரம்மா வீடு தேடி வந்து முழம் மல்லிகை கொடுத்துவிட்டுப் போனாள். அடுத்தடுத்த மாதங்களில் அவர் மூணு சொல்லாத கூட்டமே இல்லை. ஐந்தாம் மாதத்தில் அது தங்காமல் போய்விட்டது. அதற்கப்புறம் நடந்த முதல் கச்சேரியில் அவர் "ஒன், டூ" என்று நிறுத்தினார். அனந்தராமன் அன்றைக்கு மட்டும் கேள்வி கேட்கவில்லை. காபி டம்ளரை மைக் செட் பெட்டிமேல் வைத்துவிட்டுப் போனார்.

எழுபத்து மூன்று பங்குனியில் மறுபடியும் உண்டாகியிருந்த முத்துலட்சுமிக்கு மாதம் நிறைந்திருந்தது. இந்தத் தடவை தனபாலன் வாயைத் திறக்கவில்லை. அவளே, "இன்னாய்யா, இன்னும் ரெண்டுலயே நிக்கிற?" என்று சீண்டிப் பார்த்தாள்.

"கையில வந்தப்புறம் சொல்றேன். அதுவரைக்கும் அந்த நெம்பரு என் வாயில வராது," என்றார். பயம் அவரை விடவில்லை.

அறுபத்துமூவர் திருநாளன்று காலையில் அவளுக்கு வலி கண்டது. கச்சேரி ரோட்டுப் பக்கத்தில் ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிள்ளை பிறக்கச் சாயங்காலம் ஆகும் என்றார் டாக்டரம்மா. விழாவுக்கு மாட வீதி முழுக்கத் தனபாலனின் மைக் செட்தான். கால் வைப்பது ஆஸ்பத்திரியிலா, கோயில் வாசலிலா என்று தெரியாமல் தவித்தார்.

"இங்க நின்னுக்கினு இன்னா பண்ணப் போற? நீயா பெத்துக்கப் போற?" என்றாள் முத்துலட்சுமி, வலிக்கு நடுவில். "போய் வேலையைப் பாரு. இந்தப் பக்கமா ஒரு கொம்பு கட்டு. உன் சத்தம் காதுல வுழுந்துக்கினு இருந்தா எனக்குப் போதும்."

விழாக் கமிட்டிக்குத் தெரியாமல், ஊர்வலம் எட்டிக்கூடப் பார்க்காத அந்தத் தெருவில், ஆஸ்பத்திரி ஜன்னலைப் பார்த்து ஷஃபியுல்லா ஒரு கொம்பைக் கட்டினார்.

மத்தியானம் சாமி புறப்பாடு. மாட வீதியில் எள் போட்டால் எள் விழாது. தெப்பக்குளத்துப் பக்கம் போட்டிருந்த பந்தலில் தனபாலன் மைக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காணாமல் போன குழந்தைகள், தொலைந்த செருப்பு, மயங்கி விழுந்த பாட்டி, எல்லாம் அவர் வழியாகத்தான் ஊருக்குப் போக வேண்டும். தொண்டர்கள் வந்து காதில் சொல்வார்கள். அது மனசுக்குள் போய்ச் சுற்றாமல் நேரே வாய் வழியாக மைக்குக்குப் போய்விடும். எதையும் மூன்று தடவை சொல்வது வழக்கம். கூடவே, பிள்ளையைத் தொலைத்த பெற்றோருக்கு இரண்டு திட்டும் இலவசமாக உண்டு. நேரில் ஒரு பூனையைக்கூட விரட்டாத மனிதர், மைக் கையில் இருந்தால் தாசில்தார் மாதிரி பேசுவார்.

அப்போது கே.கே. நகரிலிருந்து சேவைக்கு வந்திருந்த ராஜரத்தினம் என்ற தொண்டர் கூட்டத்தில் நீந்தி வந்து அவர் காதில் குனிந்தார். மைக்குக்கு வேறு பெயர் உண்டென்று ஊர்க்காரர்களுக்கே தெரியாதபோது அவருக்கு எப்படித் தெரியும்?

"சார், ஆஸ்பத்திரிலேர்ந்து சொல்லி அனுப்பியிருக்காங்க. தனபாலன்னு ஒருத்தராம். சம்சாரத்தை அங்க சேத்துட்டு வந்துட்டாராம். உடனே வரணுமாம்."

தனபாலன் தலையாட்டிவிட்டு மைக்கை நிமிர்த்தினார்.

"அன்பார்ந்த பக்தர்களே. மனைவியைப் பிரசவ ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு இங்கே வந்திருக்கும் தனபாலன் என்பவர், எங்கிருந்தாலும் உடனடியாக ஆஸ்பத்திரிக்குச் செல்லவும்."

கூட்டத்திலிருந்து யாரும் ஓடுகிற மாதிரி தெரியவில்லை. தனபாலனுக்குக் கோபம் வந்தது. இரண்டாம் தடவை திட்டையும் சேர்த்துக்கொண்டார்.

"ஐயா தனபாலன் அவர்களே, சாமி அடுத்த வருஷமும் வரும். பொஞ்சாதி அங்கே வலியில் துடிக்க, உங்களுக்கு இங்கே என்னய்யா வேடிக்கை? நெஞ்சில் ஈரம் இருந்தால் உடனே கிளம்புங்கள்."

பந்தலில் இருந்த பெண்கள் "ஆமாம், நல்லாக் கேளு" என்றார்கள். அந்த உற்சாகத்தில் தனபாலன் மைக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டு, "இப்படிப்பட்ட ஆளுக்குப் பேரு மட்டும் சொன்னா ஒறைக்காது. சம்சாரம் பேரு இன்னாபா?" என்று கேட்டார்.

"முத்துலட்சுமின்னாங்க."

"முத்துலட்சுமியின் கணவர் தன..."

அங்கே நின்றார். கொம்புகள் எல்லாம் நின்றன. பிறகு நான்கு வீதிக்கும் கேட்கும்படி, ரொம்பச் சின்னக் குரல் ஒன்று வந்தது.

"ஐயோ, அது நான்தான்."

சிரிப்பு தெப்பக்குளத்தைச் சுற்றிக்கொண்டு போனது. தனபாலனுக்கு அது காதில் விழவில்லை. எதற்கு வரச் சொன்னார்கள் என்று ராஜரத்தினத்துக்குத் தெரியவில்லை. நல்ல சேதியா, போன தடவை மாதிரியா? எழுந்து ஓடினார். ஓட எங்கே இடம்? "கொஞ்சம் வழி வுடுங்க" என்றார். மைக் இல்லாத அவர் குரல் முன்னால் நின்றவரின் முதுகைக்கூடத் தாண்டவில்லை. கண்ணில் நீர் கட்டிக்கொண்டது.

அறிவிப்பு பாதியில் நின்றதைக் கேட்டு, ஒயரில்தான் ஏதோ கோளாறு என்று பந்தலுக்கு ஓடி வந்திருந்த ஷஃபியுல்லாவுக்கு விஷயம் புரிந்தது. மைக்கை எடுத்தார். வாழ்நாளில் மைக்கில் பேசியறியாதவர் அவர்.

"தோ போறாரே, அவருதான் தனபாலன். நம்ப மைக்கு. கொஞ்சம் வழி வுடுங்க நைனா."

கூட்டம் பிளந்துகொண்டது. "தனபாலன் வர்றாரு, வழி வுடு," "தனபாலா, போ போ," என்று ஆளுக்கு ஆள் கைமாற்றி அவரை அனுப்பினார்கள். நீர்மோர்ப் பந்தலில் ஒருவர் கையில் ஒரு டம்ளரையும் திணித்துவிட்டார். பிறந்ததிலிருந்து யாரும் கூப்பிடாத பெயரை அன்றைக்கு மயிலாப்பூரே சேர்ந்து கூப்பிட்டது.

ஆஸ்பத்திரி மாடிப்படியில் கால் வைக்கும்போதே அவருக்குச் சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்தத் தொண்டை அவருக்குத் தெரியாததா? படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கையில் இருந்த மோர் பாதி வேட்டியில் கொட்டியது. நிம்மதி என்றால் அப்படி ஒரு நிம்மதி.

உள்ளே முத்துலட்சுமி சிரித்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் அதட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் துணியில் சுற்றின பெண் குழந்தை, அம்மாவின் தொண்டையை அப்படியே வாங்கிக்கொண்டு வந்து, இரண்டு பேரையும் மிஞ்சிக் கத்திக்கொண்டிருந்தது.

"இன்னா," என்றாள் முத்துலட்சுமி, "அந்தத் தனபாலன் கெடச்சாரா?"

இத்தனை வருஷத்தில் அவள் வாயால் கேட்காத பெயர். மைக்கே இல்லாமல் அவ்வளவு பெரிதாகக் கேட்டது.

"பேரு சொன்னா ஆயுசு கொறையும்னியே."

"ஊரே கூவிக் கூவிச் சொல்லிடிச்சு. கொறையறதா இருந்தா இந்நேரம் கொறஞ்சி முடிஞ்சிருக்கும்." குழந்தையை அவர் பக்கம் நகர்த்தினாள். "ஊருக்குத்தான் உபதேசமா? நெஞ்சுல ஈரம் இருந்தா தூக்குய்யா."

தூக்கினார். குழந்தை அவர் காதருகில் ஒரு கத்துக் கத்தியது. காதுக்குள் ஊதினால் எப்படி இருக்கும் என்று மைக்குக்கு மட்டுமல்ல, அவருக்கும் அன்றைக்குத் தெரிந்தது. அவருக்கு அது பிடித்திருந்தது. வெகு நேரம் கொடுக்க மனமில்லாமல் வைத்துக்கொண்டிருந்தார்.

"சரி, போ. சாமி இன்னும் நிலைக்கு வரல. எத்தினி புள்ள தொலஞ்சிக்கினு கீதோ," என்றாள் முத்துலட்சுமி. "போனதும் மொதல்ல டெஸ்டிங் பண்ணு. ஜன்னலைத் தொறந்து வைக்கச் சொல்றேன்."

அவர் பந்தலுக்குத் திரும்பியபோது மைக்கை ஷஃபியுல்லா வெண்ணெய் உருண்டை மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டிருந்தார். கச்சேரி மேடைக்குப் போக வேண்டிய அனந்தராமன், கையில் சுண்டல் பொட்டலத்தோடு பக்கத்தில் நின்றார். தனபாலன் உட்கார்ந்தார். மைக்கை வாங்கினார்.

"ஹலோ. மைக் டெஸ்டிங். ஒன். டூ."

வழக்கமான இடத்தில் நாக்கு நின்றது. பூக்காரம்மா கட்டுகிற பூவை அப்படியே பிடித்துக்கொண்டு கொம்பை அண்ணாந்து பார்த்தாள். தனபாலன் ஒரு தடவை செருமிக்கொண்டார்.

"த்ரீ."

"வந்துடுத்தாடா?" என்று அனந்தராமன் மெதுவாகத்தான் கேட்டார்.

"வந்துடுச்சு சாமி," என்று தனபாலனும் மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் மைக் காது அல்லவா, அது திறந்தேதான் இருந்தது. நான்கு மாட வீதிக்கும் கேட்டது, ஊர்வலம் எட்டிப் பார்க்காத அந்தத் தெருவுக்கும் கேட்டது.