கை தட்டும் சன்னிதி

சண்டிகேஸ்வரர் முன்னால் இடுப்பு வளைய இரண்டு முறை குனிந்து, பிறகுதான் இளவரசி கை தட்டுகிறாள். சிதம்பரம் கோயிலில் அவள் பின்னால் நிற்பவர்கள் சற்றே தள்ளி நிற்கிறார்கள். "சாமிக்கு சலாம் போட்றா பாருங்க டீச்சர்" என்று அவளுடைய அம்மா பட்டம்மாள் என்னிடம் முறையிடுகிறாள்.

இளவரசியின் ஊர் கிள்ளை. கடலூரில் என்னிடம் முதியோர் பராமரிப்பு படித்துவிட்டு, ஜப்பானில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். வாய் ஓயாது, கை அதற்கு மேல். பேசிக்கொண்டே எதிரில் இருப்பவரின் கணுக்காலை அழுத்தி வீக்கம் பார்ப்பாள். விடுப்பில் வந்ததும் முதல் வேலையாக அம்மாவின் செருப்பைத் தூக்கிப் போட்டாள். வழுக்குமாம்.

குனியும் பழக்கம் அங்கே ஒட்டிக்கொண்டது. இல்லத்துக்குப் பின்னால், ஓங்கிய மரங்களுக்கு நடுவே, மிகப் பழைய ஷிண்டோ கோயில் ஒன்று இருக்கிறது. முதல் முறை போனபோது நுழைவாயிலின் மர வளைவுக்கு வெளியிலேயே ஷூவைக் கழற்றிவிட்டு, சரளைக்கல்லில் வெறும் காலுறையோடு நடந்திருக்கிறாள். சன்னிதியில் எல்லோரும் குனிந்து கை தட்டியதும் அவளுக்கு நிம்மதியாகிவிட்டது. நம் சண்டிகேஸ்வரர்தான். தானும் தட்டி, உள்ளங்கைகளை விரித்துக் காட்டினாள். கூட வேலை செய்பவர்கள் ஏன் என்று கேட்டார்கள்.

"எதையும் எடுத்துட்டுப் போவல, பாத்துக்கன்னு சாமிக்குக் காட்டறோம்னு சொன்னேன் டீச்சர். சிரிச்சிட்டாங்க. அங்க அப்டி இல்லியாம். நான் வந்துட்டேன்னு சாமியக் கூப்புட்றதாம்."

இல்லத்தில் அவள் பார்த்துக்கொள்ளும் ஹருகோ அம்மாள் ஏன் அந்தக் கோயிலுக்கு வர மறுக்கிறார் என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. தொண்ணூறு தாண்டியவர். பிறந்தது முதல் போய்வந்த கோயில். பக்கவாதத்தில் வலக்கை விழுந்துவிட்டது. தலை குனிந்து கும்பிட்டால் போதும் என்றார்கள் இல்லத்தில். ஒருத்தி அவருக்காகத் தானே தட்டுவதாகச் சொன்னாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தட்டாமல் போய் நின்றால், வந்தது யார் என்று சாமிக்கு எப்படித் தெரியும்? இன்னொரு குளிர்காலம் தாங்குவாரா என்பதும் சந்தேகம்.

ஒரு காலை இளவரசி அவர் காதருகே ஏதோ சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து அவர் சால்வையைக் கேட்டார். சரளையில் சக்கர நாற்காலி புதையாமல் பின்புறமாகவே இழுத்துப் போனாளாம்.

"தட்டுனாங்க டீச்சர். ரெண்டு தட்டு, நல்லா சத்தமா."

எப்படி என்று கேட்டேன். பிரகாரத்துப் படியில் உட்கார்ந்திருந்தேன். அவள் என் முன் மண்டியிட்டு, என் வலக்கையை எடுத்து மடியில் வைத்தாள். பிறகு தன் உள்ளங்கையை என் இடக்கைக்கு எதிரே விரித்துப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.