சூடம் அணைத்த பங்காளி

வீட்டுக் கடனுக்குத் தவணை கட்ட முடியாமல் போன வருடம், மிளகாய் முழுக்க மழையில் அழுகிக் கிடந்தது. வங்கிக்கு நேரே போய் நிலைமையைச் சொல்வோம் என்றேன். என் வீட்டுக்காரருக்கு அது மானக்கேடு. உத்தரகோசமங்கைப் பக்கம் எங்கள் ஊரில் கடன் வாங்கலாம், கட்ட முடியவில்லை என்று மட்டும் வாயைத் திறந்து சொல்லக் கூடாது.

அப்போதுதான் அவருடைய பங்காளி ஒருவர் வந்தார். ராமநாதபுரத்து வங்கிகளில் எல்லாரையும் தெரியும், பேசி முடித்துத் தருகிறேன் என்றார். எனக்கு அந்த ஆளைக் கண்டாலே ஆகாது. முகத்துக்கு நேரே சொல்லவும் செய்தேன். அவர் கோபப்படவில்லை. எங்களைக் குலதெய்வம் கோயிலுக்குக் கூட்டிப்போய், எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்து, “வீட்டை மீட்டுத் தாரேன் மதினி, இது சத்தியம்” என்றார். அதற்கு மேல் எங்கள் பக்கத்தில் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். நானும் வாயை மூடிக்கொண்டேன்.

“பேங்குல இருந்து போன் வந்தா எடுக்காதீக, நோட்டீஸ் வந்தா வாங்காதீக. நான் பாத்துக்கிறேன்” என்றார். அப்படியே செய்தோம். அவர் கமிஷனுக்கு என் சங்கிலி போனது. கடைசியில் வீட்டை எடுத்துக்கொள்ளப் போவதாக வங்கிக்காரர்கள் சுவரில் ஒட்டிவிட்டுப் போன நோட்டீஸை ஊரே நின்று படித்தது.

நீதிமன்ற வளாகத்தில் இலவசமாகச் சட்ட ஆலோசனை தருகிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. என் வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு போனேன். அங்கிருந்த வக்கீலம்மா எங்கள் எதிரிலேயே வங்கிக்குப் போன் போட்டுக் கேட்டார். பங்காளி அந்தப் பக்கமே எட்டிப் பார்த்ததில்லை.

“ஆரம்பத்துலயே போயிருந்தா தவணையைக் குறைக்கச் சொல்லிக் கேட்டிருக்கலாமேம்மா. இப்ப எழுதிப் பாக்குறேன். வீடு நிக்கும்னு என்னால சொல்ல முடியாது” என்றார். பைசா வாங்கவில்லை.

பஸ்ஸில் இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “ஒரு உறுதி சொல்ல மாட்டேங்குது. இந்தம்மாவை எப்படி நம்புறது?” எனக்கு வந்த ஆத்திரத்தில் எழுந்து பின் சீட்டுக்குப் போய் உட்கார்ந்தேன்.

அந்த அம்மா எழுதிப் போட்டதில் காலி செய்ய அறுவடை முடியும்வரை அவகாசம் கிடைத்தது. வீடு நிற்கவில்லை.

காலி செய்த அன்று பங்காளி ஒரு வேனோடு வந்து நின்றார். வாடகை வேண்டாம் என்றார். பீரோவைத் தன் தோளில் தாங்கி வெளியே கொண்டுவந்தார். என் வீட்டுக்காரர் கண் கலங்கி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பாத்தியா? ஒண்ணுன்னா சொந்தக்காரன்தான் வந்து நிக்கிறான். அந்த வக்கீலம்மா வந்துச்சா?”

அதுவரை நான் அழவில்லை. அப்போது அழுதேன். வீட்டை நினைத்து அழுகிறேன் என்று எண்ணி, அந்த ஆள்தான் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிக் குடித்தேன்.