இருபத்து நான்கு மாஸ்க்குகள்

1. எண்ணிக்கை

பாரிவாக்கத்தில் பெயிண்ட்பால் மைதானம் திறந்தபோது ஸ்டோர் பொறுப்பை எனக்குக் கொடுத்தார்கள். தொண்ணூறுகளின் கடைசி. ஆவடியில் தொழிற்சாலை ஸ்டோரில் முப்பத்தோரு வருடம் இருந்து ஓய்வு பெற்றிருந்தேன். காற்றழுத்தத் துப்பாக்கியால் சாய உருண்டையைச் சுட்டு விளையாடுவதை அதுவரை பார்த்ததில்லை. பன்னிரண்டு துப்பாக்கி, இருபத்து நான்கு மாஸ்க், இருபது கழுத்துப் பட்டை. காலையில் எண்ணுவேன். மாலையில் எண்ணுவேன். நடுவில் சந்தேகம் வந்தால் மறுபடி எண்ணுவேன்.

மாஸ்க் காதையும் தாடையையும் மூட வேண்டும். மாட்டிக்கொண்டு தலையை நான்கு முறை உதறச் சொல்வேன். நகர்ந்தால் வேறு எண். மூக்குக்கண்ணாடி போட்டவருக்கு அகலமானது. சட்டை தொளதொளவென்று முழுக்கையாக இருந்தால் அடி உறைக்காது. துப்பாக்கியை வேகமானியில் சுட்டுப் பார்ப்பேன். நொடிக்கு இருநூற்று எண்பது அடியைத் தாண்டினால் தர மாட்டேன்.

மார்கழிக் காலையில் பனி விலகுமுன் ஆட்டம் தொடங்கும். வேலிக்கு இந்தப் பக்கம் நின்றால் ஆட்கள் தெரியமாட்டார்கள். ‘டப்’ என்று ஒரு சத்தம். வெள்ளைக்குள் ஒரு மஞ்சள் பூக்கும். எங்கோ ஒரு நீலம். தூக்கத்தில் யாரோ வர்ணம் அடிப்பது போலிருக்கும். நான் எண்ண மறந்த நிமிடங்கள் அவை மட்டும்தான்.

2. ஏழாம் எண்

மைதானத்தில் நடுவர் ஏழுமலை. அந்த நிலம் முன்பு அவர் குடும்பம் நெல் போட்ட இடம். ஒரு காலை, பத்துப் பேர் உள்ளே ஆடிக்கொண்டிருந்தபோது, மிச்சமிருந்த மாஸ்க் ஒன்றை எடுத்து முகர்ந்தார்.

“இன்னா அண்ணாத்தே, ஸ்டவ் தொடைக்கிற துணியாலயா தொடைக்கிற? சீமெண்ணெ நாத்தம் அடிக்குது.”

“முப்பத்தோரு வருஷம் அப்படித்தான் துடைச்சேன். ஒரு புகார் கிடையாது. இருபத்து நாலும் சரியா இருக்கு பாருங்க.”

“நாலும் இருபதும் இருக்கட்டும். இத்த பாரு. உள்ளார சிலந்தி கூடு கட்டிகீது.”

வெளிச்சத்தில் பிடித்தார். கண்ணாடிப் பகுதி முழுக்க மயிரிழை போலக் கோடுகள். ஏழாம் எண். அதை வேலிக் கம்பத்தில் மாட்டி, பத்தடி தள்ளி நின்று சுட்டார். இரண்டாகப் பிளந்தது.

தொழிற்சாலையில் நான் துடைத்தது வெல்டிங் கண்ணாடி. அது நிஜக் கண்ணாடி. இது பிளாஸ்டிக். மண்ணெண்ணெய் பட்டால் உள்ளுக்குள் விரிசல் விடும் என்று எனக்குத் தெரியாது. உள்ளே பத்து மாஸ்க். எல்லாம் என் கையால் துடைத்தவை.

ஏழுமலை விசில் ஊதினார். “துப்பாக்கிய கீழ போடு. எவனும் மாஸ்க்க கழட்டாத. அப்டியே வா.”

பனிக்குள்ளிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். எண்ணினேன். ஒன்பது. மறுபடி எண்ணினேன். ஒன்பது.

பத்தாவது ஆள் மெதுவாக வந்தார். முகம் முழுக்க மஞ்சள். பதினோராம் எண். ஆவடி குவார்ட்டர்ஸ் முருகேசன். எங்கள் தொழிற்சாலை வெல்டர். கண்ணை நம்பிப் பிழைப்பவர். மாஸ்க்கைக் கழற்றினேன். குறுக்கே விரிசல். விழாமல் சட்டம் மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது. இடது புருவத்துக்குக் கீழே ஒரு மஞ்சள் கோடு.

“ஒரு கண்ணை மூடுங்க” என்றேன். மூடினார். “இப்போ அடுத்தது.”

“ரெண்டும் தெரியுது சார். ஏன் கேக்குறீங்க?”

சொன்னேன். மறைக்கவில்லை. அவர் விரிசலை விரலால் தடவிப் பார்த்தார்.

“இருபது வருஷமா உங்க கையில வாங்கித்தான் கண்ணுக்கு மாட்டுறேன். இதையும் பார்க்காமத்தான் மாட்டினேன்” என்றார்.

அன்று மீதி இருபத்து மூன்றையும் நானே உடைத்தேன். புதியவை வந்ததும் சோப்புத் தண்ணீர், மெல்லிய துணி. ரிஜிஸ்டரில் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் ‘நிலை’ என்று ஒரு பத்தி போட்டேன். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்து, அதன் வழியே மைதானத்தைப் பார்த்த பிறகே அதில் எழுதுவேன். ஸ்டோர் வேலைக்கு வருகிறவர்கள் இரண்டாவது பத்தியை முதலில் நிரப்புங்கள். வாங்குகிறவர் பார்க்க மாட்டார். உங்கள் கையிலிருந்து வந்தது என்றால், அப்படியே மாட்டிக்கொண்டு பனிக்குள் போய்விடுவார்.