நண்பகல் மூடுபனி

கம்பியில்லாமல் வெறும் லேசர் ஒளியில் தகவல் அனுப்புவது எங்கள் ஆராய்ச்சி. அதற்கு எதிரி மூடுபனி. பனியில் ஒளி எவ்வளவு குறைகிறது என்று அளக்க, மர்பி டவுனில் என் வீட்டு மொட்டைமாடியில் ஒரு கருவி வைத்திருந்தேன். அந்த வருடம் பெங்களூரில் பனியே இறங்கவில்லை.

காவிரித் தகராறில் தமிழர்களைத் தேடித் தேடி அடித்த அன்று, நண்பகலில், மீட்டர் முள் மடமடவென்று இறங்கியது. எதிரே லாரிகள் எரிந்த கரும்புகை. தப்பி ஓடாமல் அளவுகளை நோட்டில் குறித்துக்கொண்டிருந்தேன், மடையன்.

இரும்புக் கம்பிகளோடு நாலு பேர் மாடியேறி வந்தார்கள்.

"ஏனோ இது, கேமரானா?" என்னடா இது என்று ஒருவன் கன்னடத்தில் கத்தினான்.

"கேமரா அல்ல சார்" என்று நானும் கன்னடத்திலேயே சொன்னேன். முதல் அடியில் லென்ஸ் நொறுங்கியது. இரண்டாவது அடியில் என் வலது மணிக்கட்டு.

ஆஸ்பத்திரிக்கு வந்த என் பேராசிரியர் நோட்டைப் புரட்டினார். "ரீடிங் எல்லாம் அருமையா இருக்குப்பா. மூடுபனின்னு போட்டுடலாம்."

அவர் சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்க வேண்டும். உலுக்கவில்லை. நண்பகலில் ஏது மூடுபனி என்று எங்கள் ஆராய்ச்சிக் கட்டுரையைப் படித்த ஒருவனும் கேட்கவில்லை. உடையாத இடது கையால் அந்தப் பொய்யைத் தட்டச்சு செய்தவன் நான்தான்.