விரதம் என்று சொன்ன பெண்

கை நீட்டிக் காசு கேட்பது எனக்கு வராது. வாய் கொஞ்சம் நீளம். யாராவது முகத்தைச் சுளித்தால் நான்கு வார்த்தை கேட்டுவிடுவேன், அப்புறம் நன்கொடை எங்கே வரும்? அதனால், சர்க்கரை நோய் உள்ள பிள்ளைகளுக்கு இன்சுலின் வாங்கித் தர எங்கள் சங்கம் வீடு வீடாக வசூலுக்குக் கிளம்பும்போது, கேட்கப் போகிறவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். சோறு கட்டுவேன், தண்ணீர் சுமப்பேன், நாய் வந்தால் விரட்டுவேன்.

ஜவ்வாது மலைக்குப் போன அன்று என்னுடன் வந்தவள் படிப்பு முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த ஒரு பெண். சின்ன வயதிலிருந்தே இன்சுலின் போட்டுக்கொள்கிறவள். போளூரில் வேன் கிளம்பும்முன் அவள் அம்மா என்னைத் தனியே இழுத்தார்.

"அக்கா, இவளுக்கு சக்கரை இருக்குதுன்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. ரெண்டு எடத்துல பேசிக்கினு இருக்கோம்."

மலை மேலே யார் மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. அந்த அம்மாவின் கண்ணைப் பார்த்ததும் பேசாமல் தலையாட்டிவிட்டேன்.

பாதை முடிந்த இடத்தில் வேனை நிறுத்திவிட்டு நடந்தோம். எல்லா வாசலிலும் புளி உடைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் நன்றாகத்தான் பேசினாள். "சக்கரை நோவா? அது கீழ இருக்கறவங்களுக்கு வர்றது. நாங்க சாமை திங்கறவங்க" என்று சிரித்தார்கள். ஆனாலும் வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்ப அவர்களுக்கு மனசு வராது. வீட்டுக்கு வீடு சர்க்கரையை அள்ளிப் போட்ட டீ வந்தது. "இன்னிக்கு விரதங்க" என்று அவள் கும்பிட்டாள். கொடுத்த டீயை வாங்காதவளுக்கு யார் காசு கொடுப்பார்கள்? உண்டியல் காலியாகவே ஆடியது. அந்த விரதத்துக்கும் சேர்த்து டீ குடித்தது நான்தான்.

கடைசித் தெருவில் ஒரு வீட்டில் எங்களைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது, வேனுக்குப் போகலாம் என்றேன். "இன்னும் ஒரே ஒரு வீடு ஆன்ட்டி" என்றாள்.

அந்த ஒரு வீட்டு வாசலில் பேச ஆரம்பித்தவளுக்கு வார்த்தை குழறியது. வேர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது. காலையில் ஊசி போட்டவள், அரை வயிறு இட்லியோடு இவ்வளவு தூரம் நடந்திருக்கிறாள். உடம்பில் சர்க்கரை இறங்கிவிட்டது. குளுக்கோஸ் வேனில் இருந்த பையில் கிடந்தது.

"சக்கரை குடுங்க, சீக்கிரம்!" என்று கத்தினேன்.

விரதப் பேச்சு எங்களுக்கு முன்னாலேயே அந்த வீட்டுக்குப் போயிருந்தது; வீட்டுக்காரப் பெண் விழித்தாள். "விரத மயக்கத்துக்கு தண்ணி தெளிச்சா போதும். சக்கரை எதுக்கு?"

அந்த அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள், சுவரில் சாய்ந்தபடி அவளே சொன்னாள். "சின்னதுலேர்ந்தே எனக்கு சக்கரை நோவுங்க. ஊசி போட்டுக்கறேன்."

"ஐயோ, அப்போ சக்கரை குடுத்தா இன்னாத்துக்கு ஆவறது!" என்று வீட்டுக்காரப் பெண் கையில் எடுத்த சர்க்கரை டப்பாவையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். அன்றைக்குத்தான் என் நீள வாய் உருப்படியான ஒரு காரியத்துக்கு உதவியது. நான் போட்ட சத்தத்தில் சர்க்கரை என்ன, தேன் பாட்டிலே வெளியே வந்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் முகம் தெளிந்து எழுந்து உட்கார்ந்தாள். அந்தப் பெண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சின்னதுலேர்ந்தே ஊசி போட்டுக்கினா இப்டி நல்லா இருக்கற? காலேஜ்லாம் போனியா?" அவள் தலையாட்டியதும், "எங்கூட வாங்க" என்று செருப்புகூடப் போடாமல் முன்னால் நடந்தாள்.

போய் நின்றது அந்தச் சாத்திய கதவின் முன்னால். "எங்க அண்ணன் வூடுதான்" என்று எங்களிடம் சொல்லிவிட்டு, "அண்ணி, தொறங்க. இந்தப் பொண்ணுக்கும் அதே நோவுதான்" என்று குரல் கொடுத்தாள். கதவு திறந்தது. அண்ணியின் பின்னால் பள்ளிக்கூட வயதில் ஒரு சிறுமி நின்றாள்.

"ஊர்ல யாருக்கும் தெரியாதுங்க. பொம்பளப் புள்ளயாச்சே" என்று அந்தத் தாய் அழுதாள். மருந்து தீர்ந்தால் கீழே போய் வாங்க முடியாமல் சில நாள் ஊசியே இல்லாமல் போகுமாம். இனி எங்கள் சங்கம் மருந்தை மலைக்கே கொண்டுவரும் என்றேன்.

வேனிலிருந்து பை வந்தது. சாமைச் சோறு தட்டில் வந்தது. எப்போதும் வேனின் கடைசி சீட்டில் துப்பட்டாவுக்குள் ஒளிந்து ஊசி போடுகிறவள், அந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, விரலில் குத்திச் சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டு, எல்லார் எதிரிலும் வயிற்றில் போட்டுக்கொண்டாள்.

"அக்கா, நீங்க வயித்துலயா? நான் கையில" என்ற சிறுமி உள்ளே ஓடினாள். மருந்து சூடாகாமலிருக்க ஈரத்துணி சுற்றி வைத்த பானையிலிருந்து தன் மருந்தை எடுத்துவந்து அவளை ஒட்டி உட்கார்ந்தாள்.

மலை இறங்கும்போது சிக்னல் கிடைத்ததும் அவள் அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"அம்மா, மேல சொல்லிட்டேன். நீயும் அந்த ரெண்டு எடத்துலயும் சொல்லிடு. பொண்ணு பாக்க வர்றவங்க எதிர்லயே ஊசி போட்டுக்கினுதான் பஜ்ஜி திம்பேன்."

அந்தப் பக்கமிருந்து அந்த அம்மாவின் குரல் எனக்கே கேட்டது.

"சரி, மொதல்ல வூட்டுக்கு வா. சாப்ட்டியா?"