மூச்சு நின்ற இடத்தில் கமா

“இன்னொரு தடவ சொல்லுங்க. ஊட்ல பொலம்புவீங்கள்ல, அது மாதிரியே சொல்லுங்க.” பாண்டீஸ்வரன் கண்ணை மூடிக்கொள்கிறார். எதிரே நிற்பவர் எஸ்டேட் லயத்து வீட்டுக் கூரை ஒழுகும் கதையை மூன்றாம் முறையாக ஆரம்பிக்கிறார். ஆள் எங்கே மூச்சு வாங்குகிறார் என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் பாண்டீஸ்வரனின் விரல் கமாவைத் தட்டும்.

மூணாறு பஜாரில் ஜெராக்ஸ் மிஷினுக்கும் சுவருக்கும் நடுவில் அவருடைய நாற்காலி. நட்டநடு மத்தியானத்திலும் தலையில் குரங்குக் குல்லா. எஸ்டேட் ஜனங்கள் கம்பெனித் தலைமை ஆபீசுக்கு மனுப் போட வேண்டுமென்றால் இங்கிலீஷில்தான் போட வேண்டும். இருபத்தைந்து வருடமாக அந்த இங்கிலீஷ் இவருடையது. படித்தது பத்தாவது. இலக்கணம் சொந்தச் சரக்கு. “மூச்சு நின்னா கமா, பேச்சு நின்னா புல்ஸ்டாப். இதுக்கு மேல என்ன இருக்கு?” தப்பென்று கம்ப்யூட்டர் நீலக்கோடு போட்டுக் காட்டினால் கோபம் வந்துவிடும். மிஷினுக்கு மூச்சு உண்டா என்று கேட்பார்.

போன மழைக்காலத்தில் பூமாரி வந்தாள். அவள் புருஷன் மொக்கையன் பதினான்கு வருடம் தேயிலைக்கு மருந்தடித்தவன். மூக்கை மூட ஒரு துணிகூடக் கொடுக்கவில்லை. நுரையீரல் அரித்துப்போய்ச் செத்தான். வேலையால் வந்த சாவு என்று கம்பெனி ஒத்துக்கொண்டால் மகள் ஆர்த்திக்கு வேலை, லயத்து வீடும் தங்கும். இல்லாவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான். பூமாரி தற்காலிகமாகக் கொழுந்து பறிப்பவள்; அவள் பேருக்கு வீடு கிடையாது.

எல்லாம் சொல்லி முடித்துவிட்டுக் கடைசியில், அழாமல், ஒரே மூச்சில் சொன்னாள்: “அம்புட்டு மருந்த மூக்கால குடிச்ச மனுசன் பின்ன சாகாம என்ன செய்வாரு.”

பாண்டீஸ்வரன் கீபோர்டுக்குத் திரும்பினார். அதற்குச் சரியான இங்கிலீஷும் அகப்பட்டுவிட்டது: நேச்சுரலி ஹி டைடு. நேச்சுரலிக்குப் பின்னால் கமா கேட்டு நீலக்கோடு வந்து நின்றது. அவள்தான் அங்கே மூச்சு வாங்கவே இல்லையே. அப்படியே பிரிண்ட் எடுத்தார். அன்றைக்குப் பூராவும் அந்த வரியைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

பதில் போன செவ்வாய்க்கிழமை வந்தது. பிரிக்காத கவரோடு பூமாரி நேரே இங்கேதான் வந்தாள். இயற்கை மரணம் என்று மனுதாரரே எழுதியிருப்பதால் விசாரணைக்கு இடமில்லை. மாதக் கடைசிக்குள் வீட்டை ஒப்படைக்க வேண்டும். பாண்டீஸ்வரன் இரண்டு தரம் படித்தார். நேச்சுரலிக்குப் பின்னால் கமா இருந்தால் ‘சாகாமல் என்ன செய்வார்’. இல்லாவிட்டால் ‘இயற்கையாகச் செத்தார்’ என்றும் படிக்கலாம். அப்படிப் படிக்கக் காத்திருப்பவனுக்கு அது போதும்.

“என்னண்ணே போட்டிருக்கான்?”

பழியைக் கம்பெனி மேல் போட்டிருக்கலாம். அதில் பொய்யும் பெரிதாக இல்லை. பூமாரி நம்பியிருப்பாள்; சபித்துவிட்டு, அடுத்த மனுவுக்கும் இவரிடமே வந்திருப்பாள். பாண்டீஸ்வரன் குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கோப்பிலிருந்து பழைய நகலை உருவி மேசையில் விரித்தார். இத்தனை வருடத்தில் ஒரு பொம்பளையின் கையைத் தொட்டறியாதவர், கொழுந்துக் கறை ஏறிய அவள் ஆள்காட்டி விரலைப் பிடித்து, இரண்டு வார்த்தைகளுக்கு நடுவில் கொண்டுபோய் வைத்தார்.

“இங்கன ஒரு கமா போட்டிருக்கணும் பூமாரி. நாந்தான் போடல.”

பூமாரி குனிந்து, கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாள்.

“இங்கன ஒண்ணும் இல்லையேண்ணே.”

ஜெராக்ஸுக்கு வந்தவர்கள் வாசலில் நின்று கூப்பிட்டார்கள். பாண்டீஸ்வரன் அவள் விரலை அந்த இடத்தை விட்டு எடுக்க விடவில்லை.