தீபத்தன்று பட்ட உதிரம்

நாலாவது பிரசவத்தில் உண்ணாமலை பிழைத்ததே பெரும்பாடு. இன்னொன்று வந்தால் உயிருக்கு உறுதியில்லை என்று நர்ஸ் சொல்லிவிட்டாள். அந்த ஐப்பசியில், சந்தைக்குப் போவதாகச் சொல்லி, திருவண்ணாமலை ஆஸ்பத்திரியில் பிள்ளை தங்காமலிருக்க லூப் வைத்துக்கொண்டு வந்தாள். அடி அண்ணாமலை கிராமத்து வீட்டில் யாருக்கும் தெரியாது. மாமியார் பச்சையம்மாளுக்குத் தெரிந்தால் மறுநாளே இழுத்துப்போய் எடுக்க வைத்துவிடுவாள்.

கார்த்திகை தீபத்தன்று மதியம் மறுபடி உதிரம் பட்டது. போன வாரம்தான் தூரமாகி, கொல்லைக் கொட்டகையில் தனியே இருந்து, தலைக்குக் குளித்து வீட்டுக்குள் வந்திருந்தாள். சொன்னால் லூப் வைத்தது தெரிந்துபோகும். சொல்லாமல் விளக்கைத் தொட்டால் சாமி குத்தம்.

"எதிர்வீட்டுக்காரி லூப் வெச்சிக்கினு மாசத்துக்கு ரெண்டு தபா கொட்டாயில குந்திக்கிறா. வெக்கங்கெட்டவ!" என்றாள் பச்சையம்மாள், அகலுக்குத் திரி போட்டபடி.

உண்ணாமலை அகலை விட்டு ஓரடி தள்ளி நின்றாள்.

பொழுது சாய்ந்ததும் மலையுச்சியில் தீபம் தெரிந்தது. தெருவே அரோகரா போட்டது.

"ஏத்துடி, மரமாட்டம் நிக்கிற! நாலும் பொட்டையாப் போச்சு, அடுத்ததாச்சும் சிங்கக்குட்டியா வேணும்னு வேண்டிக்க."

ஏற்றினாள். முந்தானையை இழுத்து உடம்பைச் சுற்றிப் போர்த்திக்கொண்டாள்.

"குளுருதாடி?"

"ஆமாங்க அத்தை."

நாலு பெண்களும் வெளிச்சத்தில் வந்து நின்றார்கள். உண்ணாமலை மலையை நிமிர்ந்து பார்க்கவில்லை. 'குத்தம் எம்மேல. இதுங்கள ஒண்ணும் பண்ணிடாதே' என்று மட்டும் வேண்டிக்கொண்டாள்.